நாஜிக் கட்சியில் அட்டை வாங்கிய சாதாரண ஆட்கள் யார்?

பாலாற்றங்கரை எழுதியது:

பல நாளாக மனதில் கிடக்கும் ஒரு சந்தேகம். ஹிட்லர், கோயபல்ஸ், ஹிம்லர் பற்றியெல்லாம் தமிழில் வேண்டிய அளவு படித்தாகிவிட்டது. ஹிட்லர் சைவமா அசைவமா என்று சண்டை போடக்கூட இங்கே ஓர் இழை இருந்தது. ஆனால் அந்தக் கட்சிக்கு மாதாமாதம் சந்தா கட்டியவன் யார்? கூட்டத்துக்கு நாற்காலி தூக்கிப் போட்டவன், சுவரொட்டிக்குப் பசை காய்ச்சியவன், மழையில் நனைந்து துண்டறிக்கை கொடுத்தவன் யார்? அவன் பகலில் என்ன வேலை பார்த்தான்?

பள்ளியில் நான் படித்தது ஒரே வரி. ஜெர்மனியில் 60 லட்சம் பேருக்கு வேலை போயிற்று, பசித்தவர்கள் ஹிட்லர் பின்னால் போனார்கள், அவ்வளவுதான். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இது போதும். யோசித்தால் போதவில்லை. பசித்தவன் கம்யூனிஸ்டு கட்சிக்கும் போயிருக்கலாமே? 1928 தேர்தலில் 2.6 சதவீதம் வாங்கிய கட்சி 1932 ஜூலையில் 37 சதவீதத்தைத் தாண்டுகிறது. நடுவில் நான்கே வருடம். அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தலைவர்கள் கதை வேண்டாம், தொண்டர்கள் கதை மட்டும்.

சிவப்புத்துண்டு எழுதியது:

இதில் பெரிய புதிர் எதுவும் இல்லை நண்பரே. குட்டி முதலாளி வர்க்கம். பெட்டிக்கடைக்காரர், சிறு பட்டறை முதலாளி, அலுவலகக் குமாஸ்தா. 1923 பணவீக்கத்தில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலை வந்தது. வாழ்நாள் சேமிப்பை எடுத்துக்கொண்டு போனால் ரொட்டி வாங்க முடியவில்லை. மேலே பெருமுதலாளி, கீழே அமைப்பாகத் திரண்ட தொழிலாளி, நடுவில் நசுங்கியவர்கள் இவர்கள். தொழிலாளியாக ஆகிவிடுவோமோ என்ற பயம் தொழிலாளி மீதே வெறுப்பாக மாறியது.

கட்சியின் 1920 திட்டத்தில் 25 அம்சங்கள் உண்டு. பதினாறாவதைப் பாருங்கள். பெரிய பல்பொருள் அங்காடிகளை எடுத்துச் சிறு வியாபாரிகளுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுப்போம் என்கிறது. யாருக்கு விரித்த வலை என்று இதற்கு மேல் விளக்க வேண்டுமா? ஆட்சிக்கு வந்த பின் அதைச் செய்யவில்லை என்பது வேறு கதை.

தொழிலாளி வர்க்கம் அந்தப் பக்கம் போகவில்லை. இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

தோழர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியில் எண்கள் இடிக்கின்றன. வேலைக்குப் போய்வந்து எழுதுகிறேன், சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கட்சி தன் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்திருந்தது. பெயர், பிறந்த நாள், தொழில், முகவரி, சேர்ந்த தேதி, எண். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நெருங்கியதும் அவ்வளவையும் கூழாக்கச் சொல்லி மியூனிக் பக்கத்திலிருந்த ஒரு காகித ஆலைக்கு லாரிகளில் அனுப்பினார்கள். ஆலைக்காரர் கூழாக்காமல் வேறு காகிதக் கட்டுகளோடு போட்டுவைத்துவிட்டார். ஒரு கோடிக்கு மேற்பட்ட அட்டைகள் அப்படிப் பிழைத்தன. பெர்லினில் அமெரிக்கர் வசம் இருந்து, 1994-ல் ஜெர்மனியின் மத்திய ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. இது போக, 1935-ல் கட்சியே தன் ஆட்களை எண்ணி ஒரு புள்ளிவிவரம் அச்சிட்டது.

அந்தக் கணக்குப்படி, ஹிட்லர் பதவியேற்ற 1933 ஜனவரி வரை சேர்ந்தவர்களில் சுமார் 31 சதவீதம் தொழிலாளிகள். நாட்டின் உழைப்பாளர் தொகையில் தொழிலாளிகள் 46 சதவீதம். விகிதத்தைவிடக் குறைவுதான், தோழர் அந்த அளவில் சரி. ஆனால் மூன்றில் ஒருவர் தொழிலாளியாக இருக்கும் கட்சியைப் பார்த்துத் தொழிலாளி போகவில்லை என்று எப்படிச் சொல்வது? அலுவலக ஊழியர்கள் நாட்டில் 12 சதவீதம், கட்சியில் 21. கடை, பட்டறை, சொந்தத் தொழில் வைத்திருந்தவர்கள் நாட்டில் 10 சதவீதம், கட்சியில் 17-18. இங்கேதான் வீக்கம். ஒரு ஜெர்மானிய ஆய்வாளர் இதை 'நடுத்தர வர்க்கத் தொப்பை விழுந்த மக்கள் கட்சி' என்றார். தொப்பை பெரியதுதான். ஆனால் தொப்பைக்குக் கையும் காலும் தலையும் இருந்தன.

ஓர் எச்சரிக்கை. அட்டையில் உள்ள தொழில் என்ற கட்டத்தை அப்படியே நம்பக் கூடாது. 'ஷ்லோசர்' என்று போட்டிருக்கும். நம் கணக்கில் ஃபிட்டர். ரயில்வே பட்டறையில் கூலி வாங்கும் ஃபிட்டரும் ஷ்லோசர், நான்கு ஆளை வைத்து வேலை வாங்கும் பட்டறைக்காரரும் ஷ்லோசர். 'காவ்ஃப்மன்' என்றால் வியாபாரி. துணிக்கடையில் மீட்டர் அளக்கும் பையனும் அதுதான், கடை முதலாளியும் அதுதான். கட்சியும் தன்னைத் தொழிலாளர் கட்சி என்று சொல்லிக்கொண்டதால், தொழிலாளி எண்ணிக்கை கூடத் தெரிவதில் அதற்கு வருத்தம் இருந்திருக்காது.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. 1933 ஜனவரிக்குள் 14 லட்சத்துக்கு மேல் உறுப்பினர் எண்கள் கொடுக்கப்பட்டிருந்தன. அப்போது உண்மையில் கட்சியில் இருந்தவர்கள் 8.5 லட்சம் பேர்தான். மீதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பழைய விசுவாசிகளுக்குத் தங்கச் சின்னம் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்குள் எண், இடையில் விலகாதவர் என்பது தகுதி. தேறியவர்கள் சுமார் 22,000 பேர். வெறி பிடித்த ஒரே கூட்டம் ஆரம்பம் முதல் கடைசி வரை அசையாமல் நின்றது என்று நாம் நினைப்பது தவறு. பஸ் நிலையம் மாதிரி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்திருக்கிறது.

எண் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஆரம்பத்தில் உறுப்பினர் எண்களை 501-லிருந்து தொடங்கினார்கள், கட்சி பெரிதாகத் தெரியட்டும் என்று. ஹிட்லரின் எண் 555. பின்னாளில் தான் ஏழாவது ஆள் என்று சொல்லிக்கொண்டார்.

கரிசல்காட்டான் எழுதியது:

கணக்கப்பிள்ளை, விவசாயியை விட்டுவிட்டீர்களே. எங்களை யார்தான் கணக்கில் சேர்த்தார்கள்!

ஜெர்மனியின் வடக்கு முனையில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் என்று ஒரு மாகாணம். டென்மார்க்கை ஒட்டியது. மேற்கே கடலோரம் வளமான சதுப்பு நிலம், கிழக்கே பெரிய பண்ணைகள், நடுவில் மணல் கலந்த மெலிந்த மண். அந்த நடுப்பகுதிச் சிறு விவசாயிகள்தான் கதை. பன்றி வளர்த்து, மாடு கொழுக்க வைத்து விற்பவர்கள். 1927-28 வாக்கில் விலை விழுந்தது. கடனுக்கு வட்டி, அதற்கு மேல் வரி. கட்டாதவன் வீட்டில் ஜப்தி. 1928 ஜனவரி 28 அன்று ஒரே நாளில் அந்த மாகாணத்தின் ஊர்களில் மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். ஒரு கட்சியும் கூப்பிடவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் பைடன்ஃப்ளேத் என்ற கிராமத்தில் வரிப் பாக்கிக்காக இரண்டு விவசாயிகளின் காளைகளை ஜப்தி செய்து ஓட்டிக்கொண்டு போனார்கள். ஊர் திரண்டு பாதையில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தியது. தீயைக் கண்டு மிரண்ட காளைகள் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு சொந்தக் கொட்டிலுக்கே ஓடி வந்துவிட்டன. மாடு வளர்த்தவனுக்குத்தான் தெரியும், மிரண்ட மாட்டுக்குத் தன் கொட்டில் தவிர வேறு திசை கிடையாது. அந்தக் காட்சியைப் படித்தபோது நான் அவர்கள் பக்கம் இருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பிறகு ஊரார் பலர் மேல் வழக்கு.

இந்த விவசாயிகள் அப்போது நாஜிகள் இல்லை. ஏரும் சிவப்பு வாளும் போட்ட கறுப்புக் கொடி ஒன்றைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். கோபம் அவர்களுடையது. சிலர் வரி அலுவலகங்களுக்கு வெடிகுண்டு வைக்கும் அளவுக்குப் போனதும் இயக்கம் சிதறியது. அனாதையாக நின்ற அந்தக் கோபத்தை நாஜிகள் தத்தெடுத்தார்கள். கிராமம் கிராமமாக ஆள் அனுப்பினார்கள். பேசியவன் நகரத்து வக்கீல் இல்லை, பக்கத்து ஊர் விவசாயி. மற்ற கட்சிகள் தேர்தலுக்கு மட்டும் வரும். இவர்கள் தேர்தல் இல்லாத நவம்பர் மாதத்திலும் வந்தார்கள். 1928-ல் அந்த மாகாணத்தில் அவர்களுக்கு 4 சதவீதம். 1930-ல் 27. 1932 ஜூலையில் 51.

பசித்தவனும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. நிலம் கையை விட்டுப் போகிறது என்று பயந்தவன்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

அருமை. ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. நீங்கள் சொன்னது ஓட்டு. இழை கேட்டது அட்டை. நாட்டில் விவசாயக் குடும்பத்தார் 20 சதவீதம், கட்சி உறுப்பினரில் 12-13 சதவீதம்தான். ஊரே ஓட்டுப் போட்டது, அட்டை வாங்கியவர்கள் குறைவு.

கரிசல்காட்டான் எழுதியது:

சந்தா கட்டக் காசு இருந்தால் அவன் வரியைக் கட்டியிருப்பானே ஐயா.

கூடல்நகர் எழுதியது:

நல்ல பதில்!

என் கேள்வி வேறு. பழுப்புச் சட்டை போட்டுத் தெருவில் அடிதடி செய்த எஸ்.ஏ. படை என்ன ஜாதி? கடைக்காரரும் குமாஸ்தாவுமா நடுத்தெருவில் நாற்காலிக் காலைப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

அங்கே கதை மாறுகிறது. எஸ்.ஏ.யில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் கட்சியில் இருந்ததைவிட அதிகம். இளவட்டம், பெரும்பாலும் வேலை இல்லாதவர்கள். எஸ்.ஏ. விடுதி என்று இடம் வைத்திருந்தார்கள். படுக்க ஓர் இடம், ஒரு தட்டு சூப், ஒரு சட்டை, கூடவே ஒரு கும்பல். பத்தொன்பது வயதில் வேலையும் இல்லாமல் வீட்டில் அப்பா முகத்தையும் பார்க்க முடியாமல் இருப்பவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

சிகரெட் கதை தெரியுமா? டிரெஸ்டனில் 1929-ல் ஒரு சிகரெட் ஆலை தொடங்கினார்கள். பிராண்டின் பெயர் 'ஷ்டுர்ம்', புயல் என்றும் பொருள், தாக்குதல் என்றும் பொருள். விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் எஸ்.ஏ.வுக்குப் பங்கு. ஆகவே படைக்காரன் அதைத்தான் புகைக்க வேண்டும் என்று உத்தரவு. வேறு பிராண்டு சட்டைப்பையில் இருந்தால் தண்டனை. வேலையற்றவன் கையில் இருக்கும் கடைசிக் காசிலும் கட்சிக்கு ஒரு பங்கு.

பெர்லினில் இவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: பீஃப்ஸ்டீக், அதாவது வறுத்த மாட்டிறைச்சித் துண்டு. வெளியே பழுப்பு, உள்ளே சிவப்பு. நாம் தர்ப்பூசணி என்போம், நிறம்தான் வேறு. கம்யூனிஸ்டு அணியிலிருந்து இங்கே வந்தவர்களும், இங்கிருந்து அங்கே போனவர்களும் உண்டு. தோழர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாடு முழுக்கப் பார்த்தால் வேலை இழந்த தொழிலாளி அதிகம் போனது கம்யூனிஸ்டு கட்சிக்குத்தான். எனவே பாலாற்றங்கரை படித்த அந்த ஐந்து மதிப்பெண் விடைக்கு இரண்டரைதான் போடலாம்.

நெக்கார்க்கரையாள் எழுதியது:

நான் இந்த ஊரில் பதினேழு வருடமாக இருக்கிறேன். ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரை. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

தொழிலை மட்டும் வைத்து இவர்களைப் பிரிக்க முடியாது. அதைவிடக் கூர்மையான கோடு கோயில் வாசலில் இருந்தது. அதாவது தேவாலய வாசலில். ஒரே மாதிரி வருமானம், ஒரே மாதிரி கடை, ஒருவர் புராட்டஸ்டண்டு, ஒருவர் கத்தோலிக்கர். ஓட்டு தலைகீழாக மாறும். கொலோன்-ஆகன் தொகுதி கத்தோலிக்கர் பகுதி. 1932 ஜூலையில் அங்கே நாஜிகளுக்கு 20 சதவீதம்தான். கத்தோலிக்கர்களுக்குச் சொந்தமாக ஒரு கட்சி, பத்திரிகை, தொழிற்சங்கம், இளைஞர் மன்றம் எல்லாம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் சொல்வார். ஆயர்கள் நாஜிக் கட்சியில் சேரக் கூடாது என்று தடையே விதித்திருந்தார்கள். அந்தத் தடையை 1933 மார்ச் 28 அன்று எடுத்தார்கள். எடுத்ததும் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். தொழிலாளியிலும் இப்படித்தான். தொழிற்சங்கம், தொழிலாளர் பாட்டுக் குழு, தொழிலாளர் சைக்கிள் சங்கம் என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்றில் இருந்தவன் எளிதில் நகரவில்லை. சங்கம் இல்லாத சிற்றூர்ப் பட்டறைத் தொழிலாளி நகர்ந்தான்.

மத்திய ஜெர்மனியில் நோர்த்ஹைம் என்ற சிற்றூரைத் துருவி ஆராய்ந்திருக்கிறார்கள். பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஊர். அங்கே கட்சியின் ஆரம்பகால முகம் ஒரு புத்தகக் கடைக்காரர். எல்லோருக்கும் பிடித்தவர், தேவாலயத்தில் மதிப்பானவர். அவர் இருக்கும் இடம் தப்பாக இருக்காது என்று மற்றவர்கள் சேர்ந்தார்கள். அந்த ஊர் நடுத்தர வர்க்கத்தாருக்குப் பொருளாதார மந்தத்தில் பெரிதாகக் காசு நஷ்டம் இல்லை. தெருவில் வரிசையில் நின்ற வேலையற்றவர்களைப் பார்த்துப் பயம், அவ்வளவுதான். 1932 ஜூலையில் அங்கே 60 சதவீதத்துக்கும் மேல்.

இரண்டாவது விஷயம் என் வீட்டுக்காரம்மாவைப் பற்றியது. எண்பது தாண்டியவர். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கீழ்க்கூடத்தில் ஒரு பழைய பியானோ, வாசிக்க ஆள் கிடையாது, மேலே அவருடைய மருந்து டப்பாக்கள். போன வருடம் அவர் பேரன் காப்பகத்துக்கு எழுதி, கொள்ளுத்தாத்தாவின், அதாவது இந்த அம்மாவின் அப்பாவுடைய கட்சி அட்டையின் நகலை வரவழைத்தான். மேசை மேல் வைத்து மூவரும் பார்த்தோம். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. தொழில்: அஞ்சல் ஊழியர். நாற்பது லட்சத்தைத் தாண்டிய எண். சேர்ந்த தேதி 1937 மே 1. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்பா கட்டாயத்தில் சேர்ந்தார்" என்றார். பேரன் எதுவும் பேசவில்லை.

அந்தக் கட்டாயம் எவ்வளவு உண்மை என்று யாராவது சொல்ல முடியுமா?

மட்டுறுத்துநர்:

இன்றைய கட்சிகளோடு ஒப்பிட்டு எழுதப்பட்ட நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை ஜெர்மனியைப் பற்றியது. அங்கேயே இருப்போம். நன்றி.

கணக்கப்பிள்ளை எழுதியது:

அக்கா, தேதியைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். லட்சக்கணக்கான அட்டைகளில் அதே தேதிதான். 1933 ஜனவரியில் 8.5 லட்சமாக இருந்த கட்சி நான்கே மாதத்தில் 25 லட்சம் ஆனது. மார்ச் தேர்தலுக்குப் பிறகு ஓடி வந்தவர்களைப் பழைய ஆட்கள் 'மார்ச்சில் வீழ்ந்தவர்கள்' என்று கிண்டலடித்தார்கள். 1848 மார்ச் புரட்சியில் உயிர்விட்ட தியாகிகளுக்கு இருந்த பெயர் அது. அரசு அதிகாரிகள், ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள் வரிசையில் நின்றார்கள். கூட்டம் தாங்காமல் 1933 மே 1 அன்று கதவைச் சாத்தினார்கள். பெரிய அளவில் மறுபடி திறந்தது 1937-ல், எல்லோருக்கும் மே 1 என்றே தேதி போட்டார்கள். 1945-ல் மொத்தம் 85 லட்சம். எட்டரை லட்சத்துக்கு முன்னால் ஒரு கதை, பின்னால் வேறு கதை. முன்னால் வந்தவனைச் சேர்த்தது நம்பிக்கை என்றால், பின்னால் வந்தவனைச் சேர்த்தது பெரும்பாலும் பதவி உயர்வு.

சட்டக் கட்டாயம் கிடையாது. மேலதிகாரி கேட்பார், பதவி உயர்வு தள்ளிப்போகும், அந்த நெருக்கடி உண்மை. ஆனால் விண்ணப்பத்தில் சொந்தக் கையெழுத்து இல்லாமல் அட்டை வராது. சேராமலே அஞ்சல் வேலையில் ஓய்வுபெற்றவர்களும் இருந்தார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன். என் இனத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே என்று நானே எழுதுகிறேன்.

1936 வாக்கில் ஜெர்மன் ஆசிரியர்களில் 97 சதவீதம் பேர் நாஜி ஆசிரியர் சங்கத்தில். அது கிட்டத்தட்டக் கட்டாயம், விட்டுவிடுவோம். கட்சி அட்டையே வாங்கியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். கிராமங்களில் கட்சிக் கணக்கு எழுதியதும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியதும் பல இடங்களில் வாத்தியார்தான். எழுதத் தெரியும், பேசத் தெரியும், ஊரில் மரியாதை, கையில் சம்பளம் மட்டும் குறைவு. மருத்துவர்கள் இன்னும் மேலே, பாதிக்குச் சற்றுக் குறைவு. பல்கலைக்கழக மாணவர்களோ ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 1931 ஜூலையில், தேசிய மாணவர் அமைப்பை நாஜிகள் கையில் கொடுத்துவிட்டார்கள். படிப்பறிவில்லாத கூட்டம் ஏமாந்தது என்று என் வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது. இங்கே எல்லோரும் பன்றி விலை, சிகரெட், பதவி உயர்வு என்று பேசுகிறீர்கள். யூதர்களைக் காணோம். தற்செயலா?

1934-ல் தியோடர் ஏபெல் என்ற கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஒரு வேலை செய்தார். 1933-க்கு முன்பே சேர்ந்த கட்சிக்காரர்கள் தங்கள் வாழ்க்கைக் கதையை எழுதி அனுப்பினால் பரிசு என்று அறிவித்தார். மொத்தம் 400 மார்க் பரிசுப் பணம். 683 கட்டுரைகள் வந்து குவிந்தன. சுரங்கத் தொழிலாளி, வங்கிக் குமாஸ்தா, விவசாயி, தையற்காரர், போர்வீரர். பதுங்கு குழியில் பணக்காரனும் ஏழையும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம், ஊருக்குத் திரும்பினால் அது காணாமல் போயிருந்தது, கட்சியில் மறுபடி கிடைத்தது என்ற தொனி அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. ஏபெலின் எண்ணிக்கையில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் யூதர்களைப் பற்றிக் குறிப்பிடவே இல்லை.

இதைக் காட்டி, பார், சாதாரண உறுப்பினருக்கு யூத வெறுப்பு இல்லை என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது ஏற்கவில்லை. மிஞ்சிய 581 கட்டுரைகளைப் பின்னாளில் இன்னொருவர் மறுபடி வரி வரியாகப் படித்தபோது, மூன்றில் இரண்டு பங்கில் ஏதோ ஒரு வடிவத்தில் அந்த வெறுப்பு இருந்தது. ஒரு பேச்சுக்கு அது கண்ணில் படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கட்சித் திட்டத்தின் நான்காவது அம்சமே யூதன் குடிமகனாக முடியாது என்பது. அதைப் படித்துவிட்டு, "இது எனக்கு முக்கியமில்லை, எனக்குப் பன்றி விலைதான் முக்கியம்" என்று கையெழுத்துப் போட்டவனை எந்த வரிசையில் வைப்பீர்கள்? வெறுத்தவனை எனக்குப் புரிகிறது. பொருட்படுத்தாதவனைத்தான் புரியவில்லை. சமத்துவமாக ரொட்டி தின்ற பந்தியில் ஒரு சாராருக்கு இலை போடவில்லை என்பதை அவன் கவனித்திருக்கிறான். கவனித்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

கரிசல்காட்டான் எழுதியது:

ஐயா, அந்தக் காளை விஷயத்தில் நான் அவர்கள் பக்கம் இருந்தேன் என்றேன். இப்போதும் இருக்கிறேன். 1928 நவம்பர் வரைதான்.

சிவப்புத்துண்டு எழுதியது:

எண்களை மறுக்க என்னிடம் எண்கள் இல்லை. தொழிலாளி போகவில்லை என்று நான் எழுதியது மிகை, ஒப்புக்கொள்கிறேன். அமைப்பாகத் திரண்ட தொழிலாளி போகவில்லை என்று திருத்திக்கொள்ளுங்கள். நெக்கார்க்கரை அம்மா சொன்னதும் அதுதான்.

ஆனால் ஒன்றை விடமாட்டேன். அலுவலக ஊழியருக்கு அங்கே 'விறைத்த கழுத்துப்பட்டைப் பாட்டாளி' என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. தொழிலாளியின் சம்பளம்தான், ஆனால் கழுத்தில் பட்டை. வணிக ஊழியர்களுக்கு ஒரு தேசியவாதச் சங்கம் இருந்தது, 1931 வாக்கில் நான்கு லட்சம் உறுப்பினர்கள், யூதருக்கு அதில் இடமில்லை. ஹிட்லருக்கு முன்பே, 1893-லேயே தொடங்கிய சங்கம். அந்தக் கழுத்துப்பட்டை அழுக்காகிவிடக் கூடாதே என்ற கவலையை வர்க்கம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? சேமிப்பு போன பயமும் யூத வெறுப்பும் தனித்தனிப் பானையில் வேகவில்லை, வாத்தியாரே. யாரால் இந்தக் கதி என்று கேட்டவனுக்குக் கட்சி ஒரு முகத்தைக் காட்டியது. பல்பொருள் அங்காடி என்றாலே யூதன் கடை என்று பேசிப் பழக்கியிருந்தார்கள்.

கூடல்நகர் எழுதியது:

பெண்கள்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

1933-க்கு முன் அட்டை வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர். போர்க்காலத்தில் விகிதம் பல மடங்கு ஏறியது. வயதையும் சொல்லிவிடுகிறேன்: 1933-க்கு முன் சேர்ந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் முப்பது வயதுக்குள். முதல் உலகப் போர் நடந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு, வரைபடத்தில் கொடி குத்தி விளையாடிய தலைமுறை. போரைப் பார்த்தவர்களைவிடப் பார்க்கத் தவறியவர்கள் பலருக்கு ஏக்கம் கூடுதல்.

பாலாற்றங்கரை எழுதியது:

தொடங்கியபோது ஒரு வரியில் விடை கிடைக்கும் என்று நினைத்தேன். போர் முடிந்த பிறகு இந்த 85 லட்சம் பேரை என்ன செய்தார்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

அமெரிக்கர்கள் 131 கேள்விகள் கொண்ட படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பிறகு ஐந்து தட்டாகப் பிரித்தார்கள். பெருங்குற்றவாளியிலிருந்து குற்றமற்றவர் வரை. நான்காவது தட்டுக்கு 'மிட்லாய்ஃபர்' என்று பெயர், கூட ஓடியவர். தீர்ப்பானவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் போய் விழுந்தார்கள். பாதிரியார், அண்டை வீட்டுக்காரர், பழைய முதலாளி யாராவது நல்லவர் என்று சான்று எழுதிக் கொடுப்பார். அந்தச் சான்றுக்கு மக்கள் வைத்த பெயர் 'பெர்சில் சீட்டு'. பெர்சில் ஒரு சலவைத்தூள்.

நெக்கார்க்கரையாள் எழுதியது:

வீட்டுக்காரம்மாவின் அப்பாவும் நான்காவது தட்டுதான். அந்தக் காகிதத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறார். சிறு அபராதம் கட்டிவிட்டு மறுபடி அஞ்சல் வேலைக்கே போனார், 1961 வரை. அண்டை அயலில் நல்ல பெயர். தபாலை மழையில் நனைய விடமாட்டாராம்.

நேற்று அட்டையை இன்னொரு தடவை பார்த்தேன். முகவரிக் கட்டத்தில் பழைய தெரு அடிக்கப்பட்டு, கீழே வேறு தெரு எழுதியிருக்கிறது. அந்த இரண்டாவது முகவரி நாங்கள் இப்போது இருக்கும் இந்த வீடுதான். கீழ்நிலை அஞ்சல் ஊழியர் சம்பளத்தில் ஐந்து அறை வீடு. பேச்சுவாக்கில் அம்மாவிடம் பியானோவை எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். "வாங்கவில்லை, அது வீட்டோடு வந்தது" என்றார்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

அக்கா, முகவரி மாறிய தேதி அட்டையில் இருக்கிறதா?

நெக்கார்க்கரையாள் எழுதியது:

1941 பிப்ரவரி.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் வட்டாரம் பாடன் என்றால், 1940 அக்டோபர் 22 என்ற தேதியைத் தேடிப் பாருங்கள். தென்மேற்கு ஜெர்மனியின் பாடன், சார், பால்ஸ் பகுதி யூதர்கள் ஆறாயிரத்து ஐந்நூறு பேரை ஒரே வீச்சில் வீட்டைவிட்டு வெளியேற்றி ரயிலில் ஏற்றி, பிரான்சின் தெற்கே கூர்ஸ் என்ற முகாமுக்கு அனுப்பினார்கள். கிளம்ப இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள் என்றால் அதிகம். ஆளுக்கு ஐம்பது கிலோ வரை எடுத்துக்கொள்ளலாம். மிச்ச சாமான்களைப் பின்னர் ஊரிலேயே பகிரங்க ஏலம் விட்டார்கள்.

நெக்கார்க்கரையாள் எழுதியது:

தெரியும் ஐயா. ரயில் நிலையம் அருகே கல்வெட்டு இருக்கிறது, தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அதனால்தான் அவரிடம் அதற்கு மேல் கேட்கவில்லை.